இரண்டு நூல் வளைவு

அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு இடம் வராது. அவர் எடுத்த அளவு ஒருபோதும் தவறியதில்லை.

மற்றபடி அவரை எனக்குப் பிடிக்காது. எழுபதுகளின் பிற்பகுதியில் மூன்று ஆண்டுகள் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து வேலை செய்தபோது பிடிக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் நான் திருச்சியில் ஒரு பத்திரிகையில் இருந்தபோது அவர் இறந்த செய்தி வந்தது. நாலு வரி எழுதிப் போட முடியுமா என்று காரைக்காலிலிருந்து கேட்டார்கள். அன்றும் பிடிக்கவில்லை. இடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். இடம் இருந்தது.

நாங்கள் வேலை செய்த பட்டறை காரைக்கால் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. அரிசி ஆலை, இறைப்பு இயந்திரம், விசைப்படகு எஞ்சின், எது உடைந்தாலும் அங்கே வரும். பாதிக்கு மேல் பிரெஞ்சுக்காரர் காலத்தில் கப்பலில் வந்த இயந்திரங்கள். அவற்றைச் செய்த கம்பெனி இன்னும் இருக்கிறதா என்றுகூட யாருக்கும் தெரியாது. உதிரி பாகம் கேட்டு யாருக்குக் கடிதம் எழுதுவது? உடைந்த துண்டைப் பார்த்துத்தான் புதிது செய்ய வேண்டும். துண்டை அளந்து பென்சிலில் வரைவது அவர் வேலை. அதன்மேல் டிரேசிங் துணியை விரித்து மசியில் படி எடுப்பது என் வேலை. நான் எடுத்த படியைப் பார்த்துத்தான் கடைசல்காரரும் வெல்டரும் வேலையைத் தொடங்குவார்கள். பட்டறையில் எல்லோரும் அவரை அளவுக்காரர் என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

வெள்ளை முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருக்கும். எண்ணெயும் கரியும் நிறைந்த இடத்தில் அந்தச் சட்டையில் ஒரு பொட்டுக் கறையை நான் பார்த்ததில்லை. மத்தியானம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். யாரையும் எதையும் கேட்க மாட்டார். இதைக் கவனிக்க எனக்குச் சில மாதங்கள் ஆயின. 'என்னா ஆச்சு', 'எப்ப வந்தே', 'சாப்ட்டியா' என்று ஒரு நாளைக்கு நூறு தடவை மனிதர்கள் கேட்பதை அவர் ஒரு தடவையும் கேட்டதில்லை. முகத்தைப் பார்ப்பார், சொல்லிவிடுவார். 'தலைவலி.' 'வீட்டுல சண்டை.' 'அட்வான்ஸ் வேணும்.' முக்கால்வாசி சரியாக இருக்கும். அதனால்தான் யாரும் அவர் மேசைப் பக்கம் போக விரும்பவில்லை.

அவர் அளக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். உடைந்த துண்டை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, மேலே சுண்ணாம்புப் பொடியைக் கரைத்து வெள்ளையாகப் பூசுவார். காய்ந்ததும் அதில் ஊசியால் கட்டம் கட்டமாகக் கீறுவார். தட்டையான வார்ப்பிரும்பு மேசையில் அதை வைத்து, ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் டயல் கேஜின் முள்ளை இறக்கி, அந்த இடத்தின் உயரத்தை நோட்டில் எழுதுவார். ஒரு சின்ன வளைவுத் துண்டுக்கு முந்நூறு நானூறு எண் வரும். இரண்டு நாள் ஆகும். ஒரு வார்த்தை பேச மாட்டார். மூன்றாம் நாள் அந்த நானூறு எண்ணையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு காகிதத்தில் ஐந்தே ஐந்து கோடு போடுவார்: மூன்று நேர்க்கோடு, இரண்டு வில். நானூறு எண் அந்த ஐந்துக்குள் போய்விடும்.

அந்த மூன்றாம் நாளைத்தான் அவர் வேலை என்று நினைத்தார். முள் சொல்வதை எழுதிக்கொள்வது வேலை இல்லை.

"தேஞ்சது பொய். செஞ்சதுதான் நெசம்" என்பார். "இரும்பு இப்ப எப்படி இருக்குன்னு குருடன்கூட தடவிச் சொல்லுவான். செஞ்சவன் மனசுல என்னா இருந்துச்சு? அத வரையணும்."

இதில் அவர் கெட்டிக்காரர். மறுக்க முடியாது. நெரவியிலிருந்து ஓர் ஆலைக்காரர் பல்சக்கரம் ஒன்றைக் கொண்டு வந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஒரு பட்டறையில் அதைப் பார்த்து அப்படியே செய்து கொடுத்திருக்கிறார்கள், தேய்ந்த பல்லைத் தேய்ந்தபடியே. எட்டு நாளில் உடைந்துவிட்டது. பழைய சக்கரத்தில் எந்த இரண்டு பல்லும் ஒரே பருமனில் இல்லை. அளவுக்காரர் எல்லாப் பல்லையும் அளந்தார், எண்ணை எழுதினார், ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தார்.

"பிரெஞ்சுக்காரன் போட்டது. மில்லிக் கணக்கு. எட்டுன்னு நெனைச்சிருக்கான்" என்றார். "ஏழே முக்கால்னு எவனும் நெனைக்க மாட்டான்."

எட்டு என்று வைத்து வரைந்த சக்கரம் உட்கார்ந்தது. ஓடியது. ஆலைக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கும்பிட்டார்.

"கும்பிட வேணாம். எண்ணெய் போடு" என்றார் அளவுக்காரர். ஐம்பது வயது மிராசுதாரரை எல்லார் முன்னாலும் ஒருமையில். பழத்தை வாங்கிக்கொண்டார்.

இரும்பிடம் செய்ததையே மனிதரிடமும் செய்தார் என்பதுதான் என் குற்றச்சாட்டு. மனிதர்கள் சொல்வது அவருக்குத் தேய்மானம். அதற்கு அடியில் அவரே ஒரு நேர்க்கோடு போட்டுக்கொள்வார்.

வெல்டர் அந்தோணிசாமி தன் மகள் மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்காக லீவு கேட்டு முதலாளி முன் நின்றார். முதலாளி வாயைத் திறப்பதற்குள் அளவுக்காரர் தன் மேசையிலிருந்தபடியே சொன்னார்: "நன்மை ஞாயித்துக்கிழம. இவன் கேக்குறது சனிக்கிழம. திருவாரூர்ல வேற பட்டறை பாக்கப் போறான்."

"யோவ், கோயில்ல சனிக்கெழம ஒத்திகை இருக்குய்யா! சாமியாரு வரச் சொல்லிருக்காரு!" என்று அந்தோணிசாமி கத்தினார். "புள்ள கவுனு தைக்கக் குடுத்தது வேற வாங்கணும்."

"கவுனுன்னு சொல்லுவான்" என்றார் அளவுக்காரர், நிமிராமல்.

லீவு கிடைக்கவில்லை. அந்தோணிசாமி திருவாரூருக்குப் போக நினைத்திருந்தாரா என்று நான் பின்னால் கேட்டேன். "நெனைச்சேன் பாப்பா, போன வருசம்" என்றார். "இப்ப கவுனுக்குத்தான் கேட்டேன். இவன் போன வருசத்த அளந்துட்டான்."

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். கடைசல் பக்கத்தில் நாலு பேர் நிற்கும்போது, "இந்தப் பொண்ணு சம்பளத்துக்கு வரலை. வீட்டுல இருந்தா மாப்பிள்ளை பாப்பாங்க, அதுக்குத்தான் வருது" என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். நான் வேலைக்குப் போனதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. அப்பா ஓய்வு பெற்றிருந்தார். மசிப் பேனாவில் ஒரே பருமனில் நீளமான கோடு இழுப்பது எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாவது, அவர் சொன்னது. அது பொய் இல்லை. மூன்றில் இரண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மீதியை என் முகத்தில் ஒட்டினார். பொய்யாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

அக்காள் மகன் இப்போது ஓசூரில் இதே வேலை செய்கிறான். அவன் அலுவலகத்தில் பார்த்தேன். பொருளின்மேல் ஒரு சிவப்பு ஒளிக்கோடு ஊர்ந்து போகிறது, திரையில் பல லட்சம் புள்ளிகள் வந்து விழுகின்றன. சுண்ணாம்பு, ஊசி, இரண்டு நாள், எதுவும் வேண்டாம். "புள்ளிய வச்சு ஒண்ணும் செய்ய முடியாது சித்தி" என்றான். "இதுமேல தளம், உருளை, வில்லுன்னு பொருத்தி, வேணுங்கறப்ப அளவ மாத்துற மாதிரி வரைபடமா ஆக்கணும். அப்பதான் மிஷின்ல ஏத்தலாம்." எது தேய்ந்தது, எது வேண்டுமென்றே அப்படிச் செய்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஏதாவது பெரிய கணக்கு சொல்வான் என்று எதிர்பார்த்தேன்.

"கஸ்டமருக்கு போன் போட்டுக் கேட்ருவோம்" என்றான்.

கருக்களாச்சேரி மீனவர் கலியபெருமாள் தன் படகின் சுக்கானைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது மழைக்காலம் முடிந்த சமயம். நாலு பேர் பங்கில் வாங்கிய விசைப்படகு. அரசலாற்று முகத்துவாரத்தில் கட்டுவார்கள். சுக்கான் என்பது இரண்டடி அகலத்தில் ஒரு இரும்புத் தகடு, அதைத் திருப்ப ஒரு தண்டு, தண்டின் தலையில் படகோட்டுகிறவர் பிடிக்கும் பிடி. தண்டு தகட்டைப் பிடிக்கும் இடத்தில் உப்பு அரித்து முறிந்திருந்தது. தகட்டிலும் அங்கங்கே ஓட்டை. ஒட்டுப்போட முடியாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

தகட்டின் பின்விளிம்பு லேசாக ஒரு பக்கம் மடங்கியிருந்தது. சொன்னால்தான் தெரியும். கலியபெருமாள் அதைத்தான் முதலில் காட்டினார்.

"இந்த வளைவ உட்டுடாதீங்க சார். இது வளைஞ்சது இல்ல, வளைச்சது. எங்க படகு எடப்பக்கமா இழுக்கும். எம் மாமனாரு ஒரு பருவம் பூரா கொஞ்சங்கொஞ்சமா தட்டித் தட்டி வச்சாரு. அதுக்கப்புறம் பிடியில ஒத்த விரல வச்சா போதும், நூல் புடிச்சாப்புல போவும்."

"எவ்வளவு வளைச்சாருன்னு தெரியுங்களா?" என்று நான் கேட்டேன்.

"அவரு செத்து ரெண்டு வருசமாச்சு தங்கச்சி. எனக்கு அளவு தெரியாது. இதுல இருக்குறத அப்புடியே எடுத்துக்குங்க."

அளவுக்காரர் சுக்கானைத் தொடக்கூட இல்லை. முதலாளியைப் பார்த்துச் சொன்னார்:

"மணல்ல ஏத்திருக்கான். படகு இவன் ஒருத்தனோடது இல்ல, பங்கு. ஏத்துனது தெரிஞ்சா மத்த மூணு பேரும் சட்டையப் புடிப்பானுங்க. அதான் வளைச்சதுங்கறான்."

"எவன்யா ஏத்துனான்?" கலியபெருமாள் கைவண்டியைத் தடாலென்று விட்டுவிட்டு முன்னால் வந்தார். "பன்னெண்டு வயசுலேருந்து அந்த மணல்மேட்டத் தாண்டுறேன். நீ சட்டைப் பொத்தானக் கழட்டிட்டு ஒரு நா வந்து பாரு, தாண்டிப் பாரு!"

முதலாளி இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றார். கலியபெருமாளுக்கு டீ வரவழைத்தார். "அவரு பாத்துக்குவாருங்க. அளவுல அவரு தப்பினதே இல்ல, நீங்க போயிட்டு வாங்க" என்று அனுப்பினார்.

வழக்கம்போல இரண்டு நாள் அளந்தார். மூன்றாம் நாள் வரைபடம் என் மேசைக்கு வந்தது. பின்விளிம்பு நேராக இருந்தது.

நான் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். "சார், வளைவு இல்லையே" என்றேன். "தெரியுது" என்றார். அதன் பிறகு மசிப் பேனாவை எடுத்து அந்த நேர்க்கோட்டை ஒரே இழுப்பில் இழுத்தேன். நல்ல கோடு.

பழைய சுக்கான் பழைய இரும்போடு போய்விட்டது. புதியதை மாட்டி முதல் தடவை கடலுக்குப் போய்த் திரும்பும்போது முகத்துவாரத்தில் அது நடந்தது. ஆறு கடலில் சேரும் இடத்தில் தண்ணீருக்கு அடியில் மணல் மேடாக நிற்கும். அதன்மேல் அலை உடையும். பின்னால் வரும் அலையோடு அலையாகப் படகை நேராக வைத்து ஓட்டினால் தாண்டலாம், கொஞ்சம் திரும்பினால் கவிழும். படகு இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. கலியபெருமாள் பிடியை உடம்பால் முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்தார். அலை சுக்கானில் அடித்ததும் பிடி திமிறி, அவர் வலது முன்கையைப் படகின் விளிம்போடு சேர்த்து நசுக்கியது. எலும்பு இரண்டும் முறிந்தன. மச்சினர் பாய்ந்து பிடியைப் பிடித்ததால் படகு கவிழவில்லை.

பத்தாம் நாள் அவர் மனைவி அஞ்சலை பட்டறைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் முதலாளிக்கு எளிதாக இருந்திருக்கும்.

"படகு கரையில கெடக்குங்க. நாலு வூட்டுல அடுப்பு எரியணும். எங்கப்பா மாதிரி தட்டித் தட்டிப் பாக்கலாம்னு எந் தம்பி சொல்றான். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தடவ மணல்மேட்டத் தாண்டிப் பாக்கணும். எத்தன பேரு கைய ஒடச்சிக்கிறது? பழைய வளைவு எவ்வளவுன்னு சொன்னீங்கன்னா போதும்."

முதலாளி அளவுக்காரரைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம்.

"பழசு போச்சு" என்றார் அவர். "வேணும்னா அவங்களே அடிச்சு வளைச்சுக்கட்டும்." கை கழுவிக்கொண்டு சாப்பாட்டுப் பாத்திரத்தோடு சுவர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்.

பழசு போய்விட்டது. ஆனால் அதன்மேல் சுண்ணாம்பு பூசிக் கட்டம் கீறி அளந்திருக்கிறார். அவர் நோட்டுகள் எங்கள் அறையில் ஒரு மர அலமாரியில், வேலை எண் வாரியாக அடுக்கியிருக்கும். யாரும் தொடுவதில்லை. தடை ஒன்றும் இல்லை, பயம்தான். அஞ்சலை வாசலில் நின்றுகொண்டிருந்தார். முதலாளி என்னைப் பார்த்து, அலமாரியைப் பார்த்தார். போய் எடுத்தேன்.

ஆறு பக்கம் எண்கள். தகட்டின் நடுப்பகுதியில் எல்லாம் பூஜ்யத்தை ஒட்டி, துரு தின்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் கீழே. பின்விளிம்புக்கு நாலு விரல் முன்னால் எண் ஏறத் தொடங்குகிறது. மேலிருந்து கீழ் வரை அதே நாலு விரல், ஒரே நேர் வரிசையில். கடைசிப் பத்தியில், விளிம்பில்: 6.3, 6.4, 6.3, 6.3, 6.4, 6.3. கல்லிலோ மணலிலோ இடித்த தகடு ஓர் இடத்தில் குழியும், ஓரிடத்தில் பிதுங்கும். இது அப்படி இல்லை. தச்சர்களும் படகு கட்டுகிறவர்களும் இன்னும் அங்குலத்தை எட்டாகப் பிரித்து நூல் என்றுதான் கணக்கு வைப்பார்கள். இரண்டு நூல் என்பது ஆறு மில்லிக்குக் கொஞ்சம் மேல்.

இதை நான் கண்டுபிடித்ததாக ஒரு கணம் பெருமைப்பட்டேன். பிறகு ஓரத்தில் பார்த்தேன். பொடியான பென்சில் எழுத்தில் அவரே எழுதியிருந்தார்: 'இரண்டு நூல். கையால் வளைத்தது.'

நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் சாப்பாட்டுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன்.

"இது என்னா சார்?"

"என் எழுத்து."

"கையால வளைச்சதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"அளந்தா தெரியாதா? மணல்மேடு நூல் கணக்குலயா வளைக்கும்?"

"அப்பறம் ஏன் நிமித்துனீங்க?"

அவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னார். "சுக்கான் செஞ்சவன் நேராத்தான் செஞ்சான். பின்னால ஒருத்தன் சுத்தியலால தட்டிருக்கான். நான் செஞ்சவன் மனச வரையிறவன். கண்டவன் கை வச்சத வரையிறது என் வேலை இல்ல."

"அந்தாளு கை ஒடஞ்சு கெடக்கு சார்."

"அவன் கையை நான் அளக்கலை."

இந்த உரையாடலை நான் பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். மணலில் ஏற்றிவிட்டான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அளந்த பிறகு அது தவறு என்று தெரிந்துவிட்டது. திருத்த வேண்டுமானால் கைவண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிடிவாதம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது மட்டும் இல்லை. அவர் மதித்த மனங்கள் எல்லாம் எங்கோ தூரத்தில், வரைபலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் மனங்கள். செத்துப்போன ஒரு பிரெஞ்சுக்காரர் எட்டு என்று நினைத்ததை எழுபது வருடம் கழித்துக் கண்டுபிடிக்க அவரால் முடிந்தது. செத்துப்போன ஒரு மீனவர் இரண்டு நூல் என்று நினைத்ததையும் கண்டுபிடித்தார். முன்னதை வரைந்தார். பின்னதை அழித்தார்.

அன்றே நான் வரைந்தேன். நாலு விரல் முன்னால் ஒரு மடிப்புக்கோடு, விளிம்பில் 6.3. துணியின் கீழ்மூலையில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் கையெழுத்து இல்லாமல் வேலை தொடங்கக்கூடாது என்பது பட்டறை வழக்கம். முதலாளி துணியை அவரிடம் நீட்டினார். அவர் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"கையெழுத்து எதுக்குங்க முதலாளி" என்றார் அந்தோணிசாமி. "வளைக்கப் போறது என் கை. கொண்டாங்க இப்புடி." படகிலிருந்து கழற்றி வந்த தகட்டை அவரே நெருப்பில் வைத்து, மரக் கட்டையில் அணைத்து, நான் முள்ளைப் பிடித்துப் பார்த்துச் சொல்லச் சொல்ல, தட்டி முடித்தார்.

படகு மறுபடி இறங்கிய அன்று காரைக்கால்மேட்டுக் கரையில் நானும் நின்றேன். அஞ்சலையின் தம்பி பிடியில் இருந்தார். கலியபெருமாள் கழுத்தில் கட்டிய கையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று சொல்லியும் ஏறியிருந்தார். போகும்போது மணல்மேட்டுக்கு இந்தப் பக்கமே அவர் மச்சினரைப் பிடியிலிருந்து கையை எடுக்கச் சொன்னது கரையிலிருந்தே தெரிந்தது. படகு திரும்பவில்லை. நேராகப் போனது. அஞ்சலை முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.

சாயங்காலத்துக்குள் திரும்பி வந்தார்கள். புதுச் சுக்கானோ புது வலையோ போட்டுப் போய் வந்தால், முதல் பாட்டில், அதாவது முதல் வலைவீச்சில், விழுந்த மீனில் அதைச் செய்தவர்களுக்கு ஒரு பங்கு கொடுப்பது அவர்கள் வழக்கம். அஞ்சலை மூன்று இலைப் பொட்டலம் கட்டினார்.

"இது உனக்கு. இது அந்தோணியண்ணனுக்கு. இது அந்தப் பெரியவருக்கு. அவருந்தான அளந்தாரு. அவருக்கு வெளங்காமத்தான ஆயிப் போச்சு, வேணும்னா செஞ்சாரு?"

'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாம். முதலாளி அதைத்தான் விரும்பியிருப்பார். கருக்களாச்சேரி ஆட்கள் பட்டறைக்கு வந்து நின்றால் என்ன ஆகும் என்று அவர் பயந்துகொண்டிருந்தார்.

"வெளங்கித்தான் செஞ்சாரு அக்கா" என்றேன். "நோட்டுல எழுதி வச்சிருக்காரு. கையால வளைச்சதுன்னு."

அஞ்சலை மூன்றாவது பொட்டலத்தைக் கையில் எடுத்தார். அதைப் பிரித்துக் கூடையில் கொட்டுவார் என்று நினைத்தேன். மடியிலிருந்து சணலை எடுத்து இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டினார்.

"பங்கு பங்குதான். குடுத்துடு தங்கச்சி. ஆனா சொல்லிக் குடு. எங்களுக்குத் தெரியும்னு சொல்லிக் குடு."

மறுநாள் என்று வைத்திருந்தால் மீன் கெட்டுவிடும். நேராகப் பட்டறைக்குப் போனேன். அவர் சைக்கிளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"கலியபெருமாள் வீட்டுலேருந்து" என்றேன். "முதல் பாட்டு மீன். நீங்க தெரிஞ்சேதான் நிமித்துனீங்கன்னு அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்து விட்டாங்க."

அவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார். பொட்டலத்தை வாங்கி, சணலை அவிழ்த்து, இலையை விலக்கிப் பார்த்தார். கொடுவா. நல்ல மீன். முகத்தில் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன்.

"செதில் எடுக்கலை" என்றார்.

திரும்பக் கட்டி, ஹேண்டில்பாரில் மாட்டி, ஏறிப் போனார்.

மாதம் முடிந்ததும் நான் வேலையை விட்டேன். கலியபெருமாளுக்கு அப்போது கட்டுப் பிரித்திருந்தார்கள். கை முழுதாக நீளவில்லை, மச்சினர்தான் படகை ஓட்டிக்கொண்டிருந்தார். சுக்கான் விஷயத்தால்தான் போகிறாயா, அதுதான் சரியாகிவிட்டதே என்று முதலாளி கேட்டார்.

"சொல்லிக் குடுத்தும் மீன வாங்கிக்கிட்டாருங்க" என்றேன்.

முதலாளிக்கு விளங்கவில்லை.